வயர் தாழ்வாக இருக்கிறது

செக்காலை, காரைக்குடி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பெனோ எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் மலைக்காய்ச்சல் விட்டதா? மாத்திரை ஊருக்கெல்லாம் கொடுக்கிற நர்ஸ் தனக்கும் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தில் என்னைப் பேனா பிடிக்க வைக்கிற ஒரே ஆள் நீதான். உன் ஒடிசா மலைக்கு டவர் வரும்வரை இதுதான் கதி போல. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழைக்காலத்தில் சோலார் பேனல் மாட்ட யாரும் கூப்பிடுவதில்லை. அப்பாவுக்குக் கண் மங்கலாம், அதனால்தான் உனக்கு எழுதுவதில்லையாம். பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், அது வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். கீழத்தெரு செல்வம் உனக்குத் தெரியும். என்னோடு பாலிடெக்னிக் படித்தவன், இப்போது இதே கடையில் என்னோடு வேலை. பிப்ரவரியில் நம் கோயில் புனித அருளானந்தர் திருவிழாவுக்கு வருஷா வருஷம் சப்பரத்துக்கு லைட் கட்டுவது அவன்தான். அவன் லைட் கட்டின சப்பரம் அவன் தெருவுக்குள் போகாது. முனையில் நின்று, சுரூபத்தின் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி, மூன்று முறை தாழ்த்தித் தூக்கிவிட்டு நேரே போய்விடும். அந்த ஜனங்கள் முனைக்கு வந்து நேர்ச்சை உப்பு மிளகு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சின்ன வயதில் அதை ஏதோ மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் செல்வம் சொல்லிவிட்டான். “இந்தத் தடவ என் வாசலுக்கு வந்தாத்தேன் லைட்டு. இல்லாட்டி ஒங்கப்பாவ வந்து கட்டச் சொல்லு.”

அப்பாதானே திருவிழாக் கமிட்டித் தலைவர். கேட்டேன். “வயர் தாழ்வா இருக்குடா. சப்பரம் முட்டுச்சுன்னா பொணம் விழும்” என்றார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், முனையில் லைன் தொங்கிப்போய்க் கிடக்கிறது. இதற்கா இத்தனை வருஷம்? நடுவில் ஒரு கம்பம் நட்டால் முடிந்தது. செல்வத்திடம், “வயரை நான் தூக்குறேன், சப்பரம் வரும், இது என் வாக்கு” என்றேன். சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெனோ


29 செப்டம்பர்

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி பெனோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். காய்ச்சல் விட்டுவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இங்கே ஓயாத மழை. நேற்று மேல் கிராமத்திலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரண்டு ஓடைகளைத் தாண்டி வந்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தூக்கி வந்த நாலு பேருக்கும் காலில் அட்டைக்கடி.

வயரை உயர்த்துவது நல்ல காரியம், செய். செல்வத்தை நான் விசாரித்ததாகச் சொல். அவன் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அப்பா தன்னுடைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு அவனுக்குக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். அவர் பிடிவாதக்காரர். ஆனால் கெட்டவர் இல்லை.

அப்பாவுக்கு ஒரு கடிதம் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையில் கொடுத்துவிடு.

செபத்தில் நினைக்கும்,
அக்கா யூஜினியா


செக்காலை
21 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் கால் பரவாயில்லை. உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாங்கினார், உறையைத் திருப்பிப் பார்த்தார், உள் அறைக்குக் கொண்டுபோய் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தார். “படிக்கலையா?” என்றதற்கு, “கண்ணு தெரியல” என்றார். நான் படிக்கட்டுமா என்றேன். “ஒனக்கா எழுதியிருக்கா?” என்றார். இப்படித்தான் போகிறது.

கம்பம் நட்டாயிற்று. மனு கொடுத்து, விடாமல் போய் நின்று, லைனை இழுத்துக் கட்ட வைத்துவிட்டேன். சப்பரத்தின் உச்சியை அளந்து பார்த்தேன். தாராளமாகப் போகும், மேலே இன்னொருவர் உட்கார்ந்து போகலாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நிமிர்ந்து பார்த்து, “நல்ல வேலைடா” என்றார். எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் குனிந்து பார்த்தார். “சாக்கடை மேல கெடக்குற இந்தக் கல்லு சப்பரப் பாரம் தாங்குமா? அத்தனை ஆளும் ஒண்ணா மிதிக்கையில?”

தாங்காது, உடைந்த கல். சரி, அதற்கு ஒரு ஸ்லாப். ஆனால் இதையும் செப்டம்பரிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. அருளானந்தர் போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர் என்று மறைக்கல்வியில் நீதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய். கப்பலேறி வந்து, காவி கட்டி, கறியை விட்டு, இந்த மறவர் சீமை முழுக்கக் கால்நடையாகச் சுற்றி, ஓரியூரில் தலையைக் கொடுத்தவர். அவ்வளவு தூரம் வந்த மனுசன் ஒரு சாக்கடையைத் தாண்ட மாட்டாராம்.

பெனோ


16 நவம்பர்

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பிக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போனீர்களா? மெழுகுவர்த்தியோடு அவளுக்குப் பிடித்த செவ்வந்தியும் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே மருந்து வைக்கும் பிரிட்ஜின் சோலார் பேட்டரி சாயங்காலமே இறங்கிவிடுகிறது. பேட்டரித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பயன் இல்லை. என்ன செய்யலாம் என்று படம் போட்டு எழுது.

ஸ்லாப் போட்டால் அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் போகும். அதற்காகவாவது போடு.

அப்பாவுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா யூஜினியா


செக்காலை
5 டிசம்பர்

அக்காவுக்கு,

நலம். செவ்வந்தி வைத்தேன். பேட்டரிக்குப் படம் பின்பக்கம் இருக்கிறது. முனைகளைச் சுரண்டி இறுக்கு, அப்படியும் இறங்கினால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம், புதிதுதான் வாங்க வேண்டும். உன் கடிதத்தை அப்பா வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதுவது ஒன்று. சப்பரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் நீ ஒரு வரி எழுதுகிறாய்.

ஸ்லாப் போட்டாயிற்று. செல்வமும் நானும் கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி, பாரம் கணக்குப் போட்டு, மேலே செங்கல் லாரியையே ஏற்றிக் காட்டினோம். அப்பா லாரி இறங்குகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். “முனையில சப்பரம் திரும்பணும்ல. தூக்குற தண்டு அம்புட்டு நீளம், அந்தச் செவத்துல இடிக்கும்.”

பக்கத்தில் கமிட்டியின் அழகுசுந்தரம் மாமா. “தலைவரு சொல்றது ரைட்டு. இடிக்கத்தான் செய்யும்.” அந்த ஆள் அந்தத் தெருவுக்குள் காலே வைத்ததில்லை.

பங்குச்சாமியிடம் போனால், “கமிட்டி ஒத்துமையா ஒரு முடிவு எடுக்கட்டும் தம்பி” என்கிறார். அவர் வந்தே ஆறு மாசம்தான் ஆகிறது. யாரையும் பகைத்துக்கொள்ளப் பயம்.

நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுது. உடம்பு எப்படி, கால் எப்படி என்று இல்லை, நேராக எழுது. நம் மேலத்தெருக்காரர்களுக்கு உன்னால் எவ்வளவு பெருமை தெரியுமா? கோயில் வாசலில் ‘நம் ஊர் தந்த மறைபரப்புப் பணியாளர்கள்’ பலகையில் உன் பெயர் இருக்கிறது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அதைக் காட்டுகிறார்கள். ஏழைகளுக்குத் தொண்டு செய்ய ஒரு பெண்ணை ஒடிசா வரை அனுப்பத் தெரிகிறது, சாமியைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பத் தெரியவில்லை. இதை நீ சொன்னால் அப்பா கேட்பார்.

பெனோ


செக்காலை
3 ஜனவரி 2025

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உன்னிடமிருந்து பதில் இல்லை. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது, அதில் மாட்டுத்தொழுவமும் உன் கையெழுத்தும் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

மூங்கிலில் சப்பரம் அளவுக்கே ஒரு சட்டம் கட்டினோம். அதே நீளத் தண்டு, அதே உயரம். கிறிஸ்மஸுக்கு மறுநாள் கீழத்தெரு ஆட்கள் தோளில் வைத்து முனையில் திருப்பி, தெருக் கடைசி வரை கொண்டுபோய்த் திரும்பினோம். எங்கேயும் உரசவில்லை. பிள்ளைகள் வெறும் மூங்கிலுக்குப் பூப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தன. செல்வத்தின் மனைவி மரிய அனிதா, “நெச சாமி வரலைன்னாலும் ஒங்க மூங்கிச் சாமியாச்சும் வந்துச்சே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்போனில் எடுத்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். கண் தெரியாதவர் முழுசாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வழக்கம் இல்லடா” என்றார்.

“இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நாலு மாசமா எதுக்குப்பா வயரு, கல்லு, செவருன்னீக?”

“வயரு தாழ்வாத்தானே இருந்துச்சு.”

“சாதின்னு சொல்லிட்டுப் போங்கப்பா.”

“அந்த வார்த்தைய என் வீட்டுல பேசாதே” என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வார்த்தையைப் பேசக்கூடாதாம். செய்யலாமாம்.

கொடியேற்றத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. செல்வத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் தாங்கவில்லை. இந்தத் தடவை நீ அப்பாவுக்கு எழுதாவிட்டால் எனக்கும் எழுதாதே.

பெனோ


15 ஜனவரி

அன்புத் தம்பி பெனோ,

உடம்புக்கு ஒன்றுமில்லை. டிசம்பரில் நீ எழுதியதற்கு மூன்று முறை பதில் எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நான் எழுதினால் அப்பா கேட்பார் என்கிறாய். அவர் என்னோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

நான் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்து ஊருக்கு வந்த அன்று நீ பரீட்சை என்று விடுதியில் இருந்தாய். மாலை போட்டு, திறந்த ஜீப்பில் நிற்க வைத்து, பாண்டு வாத்தியத்தோடு கூட்டிப் போனார்கள். முனை வந்ததும் ஜீப்பைக் கீழத்தெரு பக்கம் திருப்பிக் காட்டினார்கள். உள்ளே போகச் சொன்னேன். அப்பா, “வயர் தாழ்வா இருக்கும்மா” என்றார். ஜீப்புக்கு எந்த வயர் இடிக்கும், பெனோ? நான் இறங்கி நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றேன், ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். திரும்பி வந்தபோது ஜீப் இல்லை, பாண்டும் இல்லை. அப்பா எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தானும் போய்விட்டார். கழுத்து நிறைய மாலையோடு தனியாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மா அடக்கத்தன்றும் பேசவில்லை.

விடுமுறைக்கு வந்தால் காரைக்குடிக் கான்வென்டில்தான் தங்க வேண்டும், அது சபை விதி என்று உன்னிடம் சொன்னேன். அப்படி ஒரு விதி இல்லை. அப்பாவுக்குக் கண் மங்கல் என்று நீ எழுதும்போதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வயர் என்று நீ எழுதிய அன்றே அடுத்து வேறொன்று வரும் என்று எனக்குத் தெரியும். உனக்காவது வேறு பதில் சொல்வார் என்று ஒரு ஆசை இருந்தது. அதனால்தான் உனக்கு இதை எழுதவில்லை.

பேட்டரி இப்போது இரவு முழுக்க நிற்கிறது. நன்றி.

யூஜினியா


செக்காலை
25 ஜனவரி

அக்காவுக்கு,

நலம், என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

உனக்குத் தெரியும். செல்வத்துக்கும் தெரியும், நீ நடந்த கதை உட்பட. ஊருக்கே தெரியும். நான் ஒருத்தன்தான் நாலு மாசமாக டேப்பும் கையுமாகத் திரிந்திருக்கிறேன். ஏன்டா சொல்லவில்லை என்று செல்வத்தைக் கேட்டேன்.

“சொன்னா சாக்கடப் பாலத்தப் பாதியில விட்டுருவ. எங்களுக்குப் பாலம் வேணும்ல.”

லைட் கட்டாதே என்றேன். “கட்டுவேன். நான் கட்டலைன்னா வெளியூர்க்காரன் கட்டுவான். அப்பறம் அந்தச் சப்பரத்துல எங்க தெருவுது எது இருக்கும்?” என்கிறான். செப்டம்பரில் வேறு மாதிரி சொன்னாயே என்றால், “அப்ப கோவத்துல சொன்னேன். நீ அத நம்பி வாக்கு வேற குடுத்துட்ட” என்கிறான்.

எனக்கு இந்த மனுசர்களின் கணக்கு பிடிபடவில்லை. உன்னுடையதும்தான். கோபமாக இருக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

பெனோ


செக்காலை
7 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். திருவிழா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சப்பரம் கிளம்பியது. ஜெனரேட்டர் வண்டியோடு நான் பின்னால். முனையில் வழக்கம்போல நிறுத்தி முகத்தைத் திருப்பினார்கள். கீழத்தெரு ஜனங்கள் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நான் நட்ட கம்பத்துக்கு அடியில் நின்றார்கள். அப்பா தாழ்த்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நான் ஜெனரேட்டரை அணைத்துவிட்டேன். பாட்டும் நின்றது, லைட்டும் போனது.

“என்னடா?” என்றார் அப்பா.

“கோளாறு.”

“என்ன கோளாறு?”

“வயர் தாழ்வா இருக்குப்பா.”

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. “எப்பச் சரியாகும்?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அங்குட்டுத் திரும்புனா சரியாயிரும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை திரும்பியிருப்பாரோ என்னவோ, இனித் தெரியப் போவதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வம் வந்துவிட்டான். “லைட்டு நான் கட்டுனது. அணைக்க நீ யாருடா? எங்க சாமிய இருட்டுல நிறுத்தி ஒங்கப்பாவோட பஞ்சாயத்துப் பண்ணுவியா?” என்று என்னைத் தள்ளிவிட்டு அவனே ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பினான். சப்பரம் மூன்று முறை தாழ்ந்து எழுந்தது. நேரே போய்விட்டது.

என் வாக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நன்றித் திருப்பலி முடிந்து, சப்பரத்திலிருந்து சுரூபத்தை இறக்கித் துடைத்து மாடத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு லைட் பிரிக்க வந்த செல்வமும் நானும்தான் மிச்சம். இரண்டு பேருக்கும் கோபம் ஆறவில்லை. இறக்கித் தோளில் வைத்த பிறகுதான் தெரிந்தது, சுரூபம் ஒன்றும் பெரிய கனம் இல்லை. கனமெல்லாம் சப்பரம். “இப்படியே ஒங்க தெருவுக்கு நடந்துருவமா?” என்றேன். செல்வம் பீடத்துப் பக்கம் நின்ற பங்குச்சாமியைப் பார்த்தான். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, “சுரூபத்த மாடத்துல ஏத்தச் சொன்னேன். எந்த வழியா வந்து ஏத்துறீகன்னு நான் பாக்கல” என்றார்.

கோயில் படியில் அப்பா நின்றார். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“வெயில்ல பெயிண்டு வெளுத்துரும்டா.”

நான் வாயைத் திறக்கும் முன் செல்வம் சொன்னான். “கொடை இருந்தாக் குடுங்க சார். பிடிச்சுக்கிறோம்.”

நடந்தோம். முனையில் நிற்கவில்லை. தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை, பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் அடுப்படியிலிருந்து அஞ்சறைப் பெட்டியோடே ஓடி வந்தார்கள். ஒருத்தி அவசரத்தில் மிளகுத்தூளை அள்ளிப் போட, செல்வம் தும்மித் தும்மிச் சாமியையே கீழே போடப் பார்த்தான். அவன் வாசலில் மரிய அனிதா பாதி பின்னின தலையோடு நின்றாள். “சொல்லிட்டு வரப்படாதா? வீடுகூடக் கூட்டல” என்று அவனைத்தான் திட்டினாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

திரும்பும்போது முனையில், கம்பத்துக்குப் பக்கத்தில், அப்பா. கையில் அவருடைய கறுப்புக் குடை. மடக்கியபடியே வெயிலில் நின்றிருந்தார். கம்பத்தைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சு.”

குடையை விரித்துச் சாமிக்குப் பிடித்தபடி கோயில் வரை வந்தார். என் பக்கமாகத்தான் வந்தார், செல்வத்தின் பக்கம் இல்லை. அவர் தலையில் வெயில்.

இதை ஜெயித்தது என்று எடுத்துக்கொள்வதா, தோற்றது என்றா? எனக்கு எரிச்சல்தான் மிச்சம். செல்வம்தான் சொன்னான், “அடுத்த வருசம் பாலம் வரைக்கும் வருவாரு. ஒன் பாலம் தாங்கும்ல?”

பெனோ


23 பிப்ரவரி

அன்பு மகள் யூஜினியாவுக்கு,

அப்பா அருள்சாமி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சுரூபத்தை உன் தம்பி வெயிலில் எடுத்துப் போனதில் இடது தோளில் பெயிண்ட் சற்று வெளுத்திருக்கிறது. சொன்னேன், கேட்கவில்லை. பாலம் நன்றாகப் போட்டிருக்கிறான். போன வாரம் அதன் மேல் ஆம்புலன்ஸ் போனது, பார்த்தேன்.

கண் மங்கலாக இருந்தபடியால் இதுவரை உனக்கு எழுத இயலவில்லை. இப்போது கண்ணாடி மாற்றியிருக்கிறேன். உன் கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து முதலிலிருந்து வரிசையாகப் படித்து வருகிறேன். நீ மலைக்குப் போன முதல் வருடத்து மழையில் இருக்கிறேன். பாம்பு கடித்து உன்னிடம் தூக்கி வந்த அந்தப் பையன் பிழைத்தானா என்று தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். நீ எழுத வேண்டாம். நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா